கம்பியைப் பிடித்த தலைவர்

விசைத்தறி முதலாளிகள் சங்கத் தலைவர் கோமதிநாயகம் போன வருஷம் ஆடிச்சுற்றில் பாதியில் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மன் கோவில் கொடிமரத்தை நூற்றெட்டு முறை சுற்றுவதாக நேர்ந்துகொண்டவர், ஊர் பார்க்க உட்கார்ந்தது தலைமைக்கு இழுக்கு. இந்த வருஷம் சுற்று முடிந்த மறுவாரமே சங்கத் தேர்தல் வேறு.

ஆகவே, கடையநல்லூர் அப்துல் மஜீது துபாயிலிருந்து கொண்டுவந்த நடக்கும் மெஷினை விலைக்கு வாங்கினார். பட்டை ஓடும், நாம் அதே இடத்தில் நடக்கலாம். தறிக்கூடத்தின் முன்னறையில் அதைப் போட்டு, நெரிசல் பஸ்ஸில் நிற்பவர் போல இரண்டு கம்பியையும் பிடித்துக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் நடந்தார். வியர்வைகூட இல்லை. பார்க்க வந்தவர்களுக்குக் காப்பி கிடைத்தது.

"கம்பிய விடும் அண்ணாச்சி. துபாய்ல அரபியெல்லாம் கைய வீசித்தான் நடப்பான். கையும் சேந்து வேலை செஞ்சா கூடுதலா மூச்சு வாங்கும். அதையும் பழகணும்லா?" என்றார் மஜீது.

"நடக்கது காலுவே! கைக்கு அங்க என்ன சோலி?"

கொடி ஏறியது. தலைவர் சுற்றத் தொடங்கினார். எதிரிலும் பக்கத்திலும் எல்லாம் ஓட்டு. ஒவ்வொரு ஓட்டுக்கும் தலைக்குமேல் கைதூக்கி ஒரு கும்பிடு. ஐம்பது சுற்றுகூடத் தாண்டவில்லை, நெஞ்சு தறிபோல அடித்தது.

உடன் சுற்றிய மனைவி செண்பகவல்லி சொன்னாள்: "கையக் கீழ போடுங்க. காலு நல்லாத்தான் நடக்கு."

"ஓட்டு போடுதவன் கும்பிடுதாம்ட்டி!"

"அப்ப போன வருஷம் மாதிரி உக்காந்துக்கிட்டுக் கும்பிடுங்க."

கை இறங்கியது. மூச்சும் மெல்ல இறங்கியது. அதன்பிறகு யார் கும்பிட்டாலும் நேரே பார்த்தபடி நடந்தார். நேர்ச்சை முடிந்தது.

"ஏலே பாத்தியா? தலைவரு நம்மளக் கண்டுக்கிடவே இல்லை!" என்று ஊரெல்லாம் சொன்னான் தேர்தலில் எதிர்த்து நின்ற காசி. அடுத்த வாரம் அவனே தலைவரானான்.

மறு வருஷம் கோமதிநாயகத்தை யாரும் கும்பிடவில்லை. கைக்கு வேலையின்றிச் சுகமாகச் சுற்றினார். முன்னால் புதுத் தலைவர் காசி இரண்டு கைகளையும் உயர்த்திக் கும்பிட்டபடி, நாக்கு வெளியே தள்ள, தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"கைய இறக்கும்வே," என்றார் கோமதிநாயகம், நிற்காமலே.

"சனம் பாக்குதே அண்ணாச்சி!"

"அப்ப வீட்டுக்கு வாரும். மெஷின் சும்மாதான் கெடக்கு. பிடிக்கதுக்குக் கம்பியும் இருக்கு."