படலைக்கு வெளியே நின்ற சாட்சி

வீரக்குட்டிக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். சல்லி என்ற கரையூரில் கடலுக்குப் போகிறவர்களிடையே அதுவே பெரிய படிப்பு. மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் வாங்குப் பலகையைத் தேய்த்ததில் மற்றதெல்லாம் மறந்துபோய்ப் பெயர் மட்டும் கையில் தங்கியிருந்தது. தோணி விற்கிற உறுதிப் பத்திரமானாலும் சரி, கலியாண எழுத்தானாலும் சரி, அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, மூச்சைப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக நட்டுவிட்டுப் போவார். தாளில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டதில்லை. சல்லிக் கரையில் சாட்சிக் கையெழுத்து என்றால் 'நான் கண்டேன்' என்று அர்த்தமில்லை, 'நான் உன் பக்கம் நிற்கிறேன்' என்று அர்த்தம்.

அந்த வழக்கத்தால் எத்தனையோ கலியாணங்கள் ஒப்பேறியிருக்கின்றன. பக்கத்து வீட்டு ஆனந்தராசாவுக்கு மட்டும் அது மறியல் என்கிற சிறைவாசத்தை வாங்கிக் கொடுத்தது.

ஜப்பான்காரன் குண்டு போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. துறைமுகம் நிறைய வெள்ளைக்காரனின் கப்பல்கள். கரையில் விளக்குத் தெரியக்கூடாது, பாஸ் இல்லாமல் தோணி இறக்கக்கூடாது, ஊருக்குப் புதிதாக ஓர் ஆள் வந்தால் ஊர்த் தலைவரான விதானையிடம் சொல்ல வேண்டும். குண்டு இன்னொரு முறை விழுமோ என்ற பயத்தைவிட, தன் பெயரை யாராவது எங்கேயாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயமே சனத்துக்கு அதிகம். அப்படியிருக்க அந்த வைகாசியில், சல்லிப் பக்கமிருந்து யாரோ கடலைப் பார்த்து டோச் லைட் அடித்ததாக ஒரு கதை கிளம்பியது. அடித்தவனைக் கண்டவர் இல்லை. கண்டவரைக் கண்டதாகச் சொல்ல மட்டும் நாலு பேர் இருந்தார்கள்.

ஆனந்தராசா துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்குகிற கூலி. கடற்படைச் சாமான் கை படுகிற இடத்தில் வேலை செய்பவன் என்பதால் சந்தேகம் அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நல்ல வெயில் நேரத்தில் பட்டணத்திலிருந்து ஒரு சார்ஜனும் இரண்டு பொலிஸ்காரரும் சைக்கிளில் வந்தார்கள். விதானையும் கூட வந்திருந்தார். வீட்டைச் சோதிக்க இரண்டு சாட்சி வேண்டும் என்றார் சார்ஜன். ஒருவர் விதானை. மற்றவராக யாரைக் கூப்பிடுவார்கள்? வீரக்குட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமே.

அவர் வந்து வேலிப் படலையில் நின்றுகொண்டார். கையில் மஞ்சள் காப்பு. மகள் கமலேஸ்வரி மாசியில் அம்மை போட்டு, அம்மாள் வருத்தம் கண்டு பிழைத்தவள். அதற்காக இந்த வருடக் கோயில் சடங்கில் தீ மிதிப்பதாக முத்துமாரியம்மனுக்கு நேர்ந்திருந்தார். ஆனந்தராசாவின் பெண்சாதி குணமணியோ பிள்ளை பெற்றுப் பதினொரு நாள். முப்பத்தோராம் நாள் கழியும் வரை அது தீட்டுள்ள துடக்கு வீடு. காப்புக் கட்டியவர் அதற்குள் காலை வைத்தால் நேர்த்தி முறிந்துவிடும்.

சார்ஜன் மரியாதையான மனுசன். உள்ளே வந்து பார்க்கும்படி ஒன்றுக்கு இரண்டு தரம் சொன்னார். வீரக்குட்டி கையைத் தூக்கிக் காப்பைக் காட்டினார்.

அப்போதுதான் ஆனந்தராசா வாசலில் இருந்து கூப்பிட்டான். துறைமுகத்தில் ஒரு கிளாக்கர் அவனுக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்திருந்தார் போலும்.

"அண்ணை, நீங்கள் வந்து நிண்டு பாருங்கோ. அவையள் தேடேக்க ரெண்டு பேர் கண்ணால பாக்க வேணுமாம். அது என்ர உரிமையாம். நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டா எனக்குப் பயமில்லை."

"துடக்கு வீட்டுக்க நான் வர ஏலாது, தம்பி. உனக்குத் தெரியும்தானே. நான் இஞ்சதான் நிக்கிறன்."

 எல்லோரும் உள்ளே போனார்கள். வீரக்குட்டி நாகரிகமாக முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். பானை நகர்கிற சத்தம் கேட்டது, குழந்தை அழுதது, யாரோ இருமினார்கள். பிறகு சார்ஜன் ஒரு டோச் லைட்டோடு வெளியே வந்தார். அதன் அடியில் கடற்படை முத்திரை. உறியில் தொங்கிய சாக்குக்குள் இருந்ததாம். தங்கள் வீட்டில் அப்படி ஒரு சாமான் இருந்ததே இல்லை என்று குணமணி உள்ளே இருந்தபடி சொல்லிச் சொல்லி அழுதாள்.

சைக்கிள் சீற்றில் தாளை வைத்துச் சார்ஜன் இங்கிலீசில் எழுதினார். விதானை கையெழுத்து வைத்துவிட்டு வீரக்குட்டியைப் பார்த்தார். அவரும் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு போட்டார். இந்த நேரத்தில் போடாமல் விட்டால் ஆனந்தராசாவைக் கைவிட்டதாக அல்லவா ஊர் நினைக்கும்? அவனைப் பிடித்துக்கொண்டு போகையில், அவனுக்காகத் தன்னால் ஆனதைச் செய்தோம் என்றுகூட அவர் நினைத்தார். அந்த மனுசனின் அறிவு அவ்வளவுதான்.

சடங்கு முடிந்தது. வீரக்குட்டி தீ மிதித்தார். கால் சுடவில்லை. அவருடைய சுத்தத்தை அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று ஊர் பேசியது.

மூன்றாம் நாள் குணமணி குழந்தையோடு வேலியோரம் வந்து நின்றாள். துடக்குக் கழியாததால் வேலியைத் தாண்டவில்லை. அவளுடைய தமையன் பட்டணத்து ஓர்ஸ் ஹில்லுக்குப் போய், கோட்டில் வழக்குப் பேசுகிற பிரக்கிராசி ஞானசேகரத்தைப் பிடித்திருந்தான். அவர் அந்தத் தாளை வாசித்துப் பார்த்திருந்தார். 'எங்கள் கண் முன்னே சோதித்து, எங்கள் கண் முன்னே எடுத்தது' என்று அதில் இருக்கிறதாம். அதன் கீழேதான் வீரக்குட்டியின் பெயர். விதானை பொலிஸ் சொல்வதைத்தான் சொல்வார். ஆனபடியால் வழக்கு முழுவதும் இந்த இரண்டாவது சாட்சியின் வாயில் தொங்குகிறது என்று பிரக்கிராசி சொல்லி அனுப்பியிருந்தார்.

 தன் பெயர் இப்படி ஒரு பொய்யைத் தாங்கிக்கொண்டு நிற்கும் என்று வீரக்குட்டி கனவிலும் நினைக்கவில்லை.

"அண்ணை, உங்களைப் பொய் சொல்லச் சொல்லிக் கேக்கேல்லை," என்றாள் குணமணி. "பாக்கேல்லை எண்டதை மட்டும் சொல்லுங்கோ."

அவர் தலையை ஆட்டினார். அடுத்த நாளே சார்ஜன் கரைக்கு வந்து தோணிப் பாஸ்களைப் பார்த்தார். வீரக்குட்டியின் பாஸைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பார்க்காததைப் பார்த்ததாகக் கையெழுத்து வைப்பதும் குற்றம்தான் என்று மெல்லச் சொன்னார். ஆறு குடும்பம் அந்தத் தோணியில் சாப்பிடுகிறது. அன்றிலிருந்து வீரக்குட்டிக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் தான் மறியலுக்குப் போக வேண்டும், சொல்லாவிட்டால் அவன் போக வேண்டும். இரண்டையும் மாறி மாறி நினைத்து ஆள் பாதியாகிப்போனார்.

ஆனாலும் கோட்டில் ஏறி உண்மையைச் சொன்னார். அவர் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதை நான் மறைக்கவில்லை. பிரக்கிராசி கேட்டதும், தான் உள்ளே போகவில்லை என்றும், படலையில் நின்றதாகவும், எதையும் காணவில்லை என்றும் தெளிவாகச் சொன்னார். எதிரிக் கூண்டுக்குள் நின்ற ஆனந்தராசா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தான். வீரக்குட்டிக்கு நெஞ்சிலிருந்த பாரமெல்லாம் இறங்கியது போலிருந்தது. மறியலுக்குப் போனாலும் போகட்டும் என்று துணிந்துவிட்டார்.

பொலிஸ் தரப்பில் பேசியவர் ஆறுதலாக எழும்பினார். கோபிக்கவில்லை, மிரட்டவில்லை. உள்ளே வந்து பார்க்கச் சொல்லிச் சார்ஜன் கூப்பிட்டாரா என்று கேட்டார். ஓம், இரண்டு தரம் என்றார் வீரக்குட்டி. எதிரியும் கூப்பிட்டாரா? ஓம், அவனும் கூப்பிட்டவன்.

"அப்ப ஏன் போகேல்லை?"

"காப்புக் கட்டியிருந்தனான். அது துடக்கு வீடு."

அவ்வளவுதான் கேள்வி. நீதவான் அதை எழுதிக்கொண்டார். சட்டம் சொன்னபடி பொலிஸார் இரண்டு சாட்சிகளை அழைத்திருக்கிறார்கள். ஒருவர் தன் விருப்பத்தில் வெளியே நின்றுவிட்டார், அது பொலிஸாரின் குற்றமல்ல. மற்றச் சாட்சி கண்ணால் கண்டிருக்கிறார் என்று தீர்ப்பு வந்தது. ஆனந்தராசாவுக்கு ஒன்றரை வருடக் கடூழிய மறியல். உண்மையை ஒளிக்காமல் சொன்னபடியால் வீரக்குட்டியை எச்சரித்து விட்டார்கள்.

அந்த எச்சரிக்கை அவருக்குச் செருப்படி மாதிரி இருந்தது. இரண்டு வருடம் போட்டிருந்தாலும் தாங்கியிருப்பார். டோச் லைட் அந்தச் சாக்குக்குள் முதலே இருந்ததா, யாராவது கொண்டுபோய் வைத்தார்களா? இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வதற்கென்றே கூப்பிடப்பட்ட ஆள் அவர்.

ஆறு நாள் கழிந்து முப்பத்தொன்று வந்தது. குணமணியின் வீட்டில் மெழுகி, மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். பின்னேரம் அவள் வேலியோரம் வந்து, துடக்குக் கழிந்துவிட்டது, இனி வரலாம் என்று கூப்பிட்டாள். அவளுடைய முகத்தில் கோபம் தெரிந்திருந்தால் அவர் போயிருக்க மாட்டார்.

படலையைத் திறந்துகொண்டு போனார். வாசலுக்கு வெளியே, கூரை இறவாணத்தின் கீழே, அவரை நிற்கச் சொன்னாள்.

"உள்ள வர வேண்டாம் அண்ணை. அதில நிண்டு பாருங்கோ. என்ன தெரியுது?"

அவர் பார்த்தார். ஒரேயொரு அறை. மூலையில் அடுப்பு, நடுவில் பிள்ளையின் ஏணை, சுவரோரம் பாய். கூரை வளையிலிருந்து உறி தொங்கியது. அதில் இப்போது சாக்கு இல்லை, ஒரு சட்டி இருந்தது. ஒரு துரும்பு அசைந்தாலும் அங்கே நின்று பார்க்கிறவனுக்குத் தெரியும்.

"எல்லாம் தெரியுது," என்றார்.

"உங்கட மனுசி ஒவ்வொரு நாளும் எனக்குக் கஞ்சி கொண்டுவந்து தந்தது அந்த இடத்தில நிண்டுதான். அவவுக்கும் துடக்குப் படேல்லை. உங்கட காப்புக்கும் ஒண்டும் வரேல்லை."

அது அவருக்குத் தெரியாத காரியமா? இறவாணத்தின் கீழே நின்றால் துடக்கு இல்லை என்று சல்லியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படலையிலிருந்து அங்கே வரப் பதினைந்து எட்டுக்கூட இல்லை. அன்றைக்கு அவருடைய காலைப் பிடித்து நிறுத்தியது காப்பு அல்ல. பார்த்துவிட்டால் பிறகு பார்த்ததைச் சொல்ல வேண்டி வருமே என்று கடல் பக்கம் திரும்பி நின்றவர் அவர். அம்மனின் பெயரை அதற்குப் போர்த்திக்கொண்டார். கோட்டில்கூட அந்தப் போர்வையைக் கழற்றவில்லை. வீரக்குட்டிக்கு வெட்கத்தில் கண் கலங்கியது.

"எனக்குப் பயமாயிருந்தது, தங்கச்சி," என்றார்.

குணமணி ஏணையை ஒரு தரம் ஆட்டிவிட்டாள்.

"அவரும் பயத்திலதான் அண்ணை உங்களைக் கூப்பிட்டவர்," என்றாள்.