பேனாவில் எழுதிய கிரேடு

1

இந்தக் கதை ஒரு சம்மனிலிருந்து பிறந்தது. ஓய்வுபெற்ற பணியாளர் மேலாளர் ஒருவரை, பம்பு தயாரிக்கும் கம்பெனி தன் தரப்புச் சாட்சியாக அழைத்திருக்கிறது. ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளமா என்று அந்தக் கம்பெனிமேல் வழக்குப் போட்டிருப்பவள் அவருடைய மகள். இன்று விசாரணை.

'அவர்' என்றுதான் எழுதப்போகிறேன். அவர் நான்தான். ஆனால் 'நான்' என்று எழுதினால் எழுத்து கோணலாகிறது. கோணல் எழுத்து எனக்கு ஆகாது.

2

நேர்மைக்குப் பேர்போன அவர், முப்பது வருடம்...

(அடித்துவிட்டேன். சொந்தப் புராணம்.)

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் சேருகிறவரின் சம்பளக் கிரேடைக் கோப்பின் உள்ளட்டையில் பென்சிலால் எழுதுவார். ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டு, அதை அழித்து உயர்த்துவார். மகள் தரச் சோதனைப் பிரிவில் சேர்ந்த அன்று மட்டும் பேனாவை எடுத்தார். அதுவும் அடிமட்டக் கிரேடு. மேலாளர் மகளுக்குச் சலுகை என்று எந்த நாக்கும் புரளக் கூடாது. பேனாவில் எழுதியதை யாரும் அழிக்கவில்லை.

(பின்னால் சேர்ந்த பெண்களுக்கெல்லாம், "மேனேஜர் பொண்ணுக்கே இதுதாம்மா" என்று அதையே கொடுத்தார்கள். வழக்கில் இப்போது அவளோடு இன்னும் பதினோரு பேர்.)

3

இங்கேதான் இந்த மனிதர்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. அதே நாளில் அதே பிரிவில் அவருடைய அண்ணன் மகனும் சேர்ந்தான். வீட்டில் சுருட்டை என்போம். அதே ரத்தம், அதே குடும்பப் பெயர். அவனுக்குப் பென்சில். மானத்துக்காகத்தான் பேனா என்றால், சுருட்டைக்கு மட்டும் ஏன்...

(மூன்று நாளாக இந்த வாக்கியம் முடியவில்லை. 'அவன் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியவன்' என்று எழுதிப் பார்த்தேன். மகள் இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறாள். அடித்துவிட்டேன்.)

4

அந்தப் பேனா யாருடையது என்று மகளுக்குத் தெரியாது; கிரேடு முதலாளி போடுவது என்றே நினைத்திருக்கிறாள். நேற்றுச் சாப்பாட்டில்:

"கம்பெனி கூப்பிட்டா என்னப்பா? நீங்க உள்ளதைச் சொல்வீங்க. எனக்கு அது போதும்."

"சுருட்டை சம்பளத்தைக் கோர்ட்டுல இழுக்கணுமா? உங்க பெரியப்பா முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

"சுருட்டை அண்ணன்மேல எனக்கென்னப்பா கோபம்? அவனைத் தூக்கிவிட்ட கை என்னை ஏன் விட்டுச்சுன்னுதான் கேக்குறேன்."

அவருக்கு விக்கல் எடுத்தது.

"தண்ணி குடிங்க," என்றாள் மனைவி, தட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "அந்தக் கை உங்களை நினைக்குது போல."

5

முதல் முடிவு: "என் மகள் என்பதால் கண்டிப்பாக இருந்தேன்" என்கிறார். கம்பெனி கேட்பது அதைத்தான். பொய்யுமில்லை. சாட்சிக் கூண்டைவிட்டு நிமிர்ந்தே இறங்கி வரலாம். பெண் என்பதால் குறைக்கவில்லை என்றாகிவிடும், பன்னிரண்டு பெண்களும் தோற்பார்கள்.

இரண்டாவது: சுருட்டையின் பென்சிலைச் சொல்கிறார். அது அழிந்துபோனது, அவரைவிட்டால் சாட்சி இல்லை. அவர்கள் ஜெயிக்கலாம். தன் அப்பாவை அவள் ஊரார் முன்னால் தெரிந்துகொள்வாள்.

மூன்றாவது: கிளம்புமுன் அவளிடமே...

தேய்த்த சட்டையோடு மகள் அறை வாசலில் நிற்கிறாள்.

"அப்பா, பேனா எடுத்துக்கிட்டீங்களா? கையெழுத்துக் கேப்பாங்க."

அவர் வாயைத் திறக்கிறார். அவர் இல்லை, நான்.

"உக்காரு, கண்ணு."

மிச்சத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. பென்சிலை மேசையிலேயே விட்டுவைக்கிறேன், நீங்கள் எழுதுங்கள். அவளை மட்டும் சீக்கிரம் மன்னிக்க வைத்துவிடாதீர்கள்.