சவரியாயியின் சேலை நிறம்

உப்புப் பாத்தியின் வெள்ளையில் பச்சைச் சேலை ஒன்று ஓடுகிறது, இல்லை, சிவப்பு, வெயில் கண்ணைக் கூசுகிறது, நான் அங்கே இருந்ததே இல்லை, ஆனாலும் கேட்டுக் கேட்டு அவர்களுடைய நினைவு என் கனவுக்குள் வந்துவிட்டது, கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் போன உப்பளத் தொழிலாளர்களைப் போலீஸ் சுட்ட அன்று செத்துப்போன சவரியாயி என்ன உடுத்தியிருந்தாள் என்று கேட்டால் அவள் அக்கா செங்கோல்மேரி பச்சை என்பாள், சவரியாயியின் புருஷன் இருதயம் சிவப்பு என்பார், கொடி பிடித்து முன்னால் போனாள் என்பார்கள் சங்கத்தார், புருஷனுக்குச் சோறு கொண்டுபோனவள்தானே என்பாள் அக்கா, நான் வரலாற்றுப் பேராசிரியை, எல்லாவற்றையும் வந்தபடியே என் புத்தகத்தில் வைத்தேன், வெட்டி ஒட்டி ஒன்றாக்கவில்லை, கடந்த காலம் நம்மிடம் கதையாகத்தான் வந்து சேர்கிறது என்று முன்னுரையில் எழுதினேன், இன்றும் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றமாட்டேன்.

அந்த வரியைத்தான் உப்புக் கம்பெனி வக்கீல் அம்பலவாணன் விசாரணைக் கமிஷன் முன்னால் நிறுத்தி நிதானமாக வாசிக்கிறார், குண்டு பட்டு யாரும் சாகவில்லை, சவரியாயி ஓடும்போது வாய்க்காலில் விழுந்து மூழ்கிப்போனாள் என்பது அவர்கள் கட்சி, எல்லாமே கதைதான்னு நீங்களே எழுதிட்டீங்க மேடம், அப்ப இவங்க சொல்ற குண்டும் ஒரு கதை, நாங்க சொல்ற வாய்க்காலும் ஒரு கதை, சரிதானே என்கிறார், முன்வரிசையில் செங்கோல்மேரி என்னையே பார்க்கிறாள், என் புத்தகம் அவளுக்கு எதிராகத் திரும்பியது புரிந்த முகம், எனக்குப் பதற்றம் வரவில்லை, இதே கேள்வியோடு எத்தனை வருஷம் வகுப்பறையில் மல்லுக்கட்டியிருக்கிறேன், சரியில்ல சார் என்றேன், கதை பல விதமா வரும்னு எழுதினேன், எந்தக் கதையும் நிக்கும்னு எழுதல, சேலை நிறத்துக்கு இன்னிக்கும் சண்டை போடுற இந்த ஜனங்க அவ முதுகுல குண்டு பாஞ்சுதான் விழுந்தாள்னு சொல்றதுல மட்டும் மாறவே இல்ல, உடம்பைக் கழுவின பொம்பளைங்க அந்தக் காயத்தைப் பாத்திருக்காங்க, இவங்க கூடிப் பேசி வச்சிருந்தா முதல்ல சேலையத்தான் ஒரே நிறமாக்கியிருப்பாங்க.

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார், இதை வார்த்தை விடாமல் பதிவு பண்ணுங்க என்று குமாஸ்தாவிடம் சொன்னார், அம்பலவாணன் வேறு பக்கம் புரட்டி வேறு கேள்வி தேடினார், அதற்கும் பதில் இருந்தது, பிறகு மழைக்காலம் வந்து பாத்திகள் மூழ்கிக் கிடந்தபோது அறிக்கை வந்தது, சவரியாயி துப்பாக்கிக் குண்டால் இறந்தாள் என்று முதல்முறையாக அரசாங்கத் தாளில், நானே போய் வாசித்துக் காட்டினேன், செங்கோல்மேரி முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறாள், இருதயம் சுவரைப் பார்த்தபடி நிற்கிறார், கடைசியில் அவள்தான் நிமிர்ந்தாள், எல்லாஞ் சரி டீச்சர், அவ செத்ததத்தான எல்லாரும் எழுதுதிய, அவ சிரிச்சா நாலு பாத்தி தள்ளிக் கேக்கும், அத ஒருத்தரும் ஒங்ககிட்ட சொல்லலியா, இல்லையே என்றேன், எங்க கேட்டிச்சு, வாயப் பொத்திக்கிட்டுல்லா சிரிப்பா என்று இருதயம் இந்தப் பக்கம் திரும்பினார், அன்று முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு வெளிச்சம், நான் இருவருக்கும் நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன், சொல்லுங்க.