பன்னிரண்டு பாட்டில் மன்னிப்பு

சாலிக்கின் இடது பாதத்தை எறும்புகள் எடுத்துக்கொண்டு போனது ஒரு வியாழக்கிழமை, சந்தை நாள். வலிக்கவில்லை. சோளக்காட்டு ஓரத்தில் உட்கார்ந்து கறுப்புச் சோடா குடித்துக்கொண்டிருந்தவன் குனிந்து பார்த்தபோது கணுக்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. எறும்பு வரிசை மட்டும் பாறையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. அந்த மலையூரில் அந்த வருடம் எறும்புக்குக் கால் கொடுத்தவர்கள் பதினொரு பேர். அங்கே குழாயில் தண்ணீர் வாரம் ஒருமுறை வரும், சோடா வண்டி தினமும் வரும். சாலிக் ஒரு நாளைக்கு ஆறு பாட்டில் குடிப்பான். காப்பியில் நாலு கரண்டி சர்க்கரை தனி.

மருந்தகத்து நர்ஸ் எஸ்தெலா அவன் மனைவி லோஷாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இனிப்ப ஒரேடியா நிறுத்தினா திருட்டுத்தனமாக் குடிப்பாரு. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக் குறைங்க. நாக்கு பழகிடும். அப்புறம் வெறும் ரொட்டியே இனிக்கும்."

"இவரு நாக்கா? பெத்த ஆத்தாளுக்கே அடங்காத நாக்கும்மா அது" என்றாள் லோஷா. ஆனால் வாசலில் எறும்புகள் வலது காலுக்காகக் காத்துக் கிடந்தன. அன்றே அவனுக்குச் சோடாவையும் சர்க்கரையையும் குறைக்கத் தொடங்கினாள்.

அவளும் கூடவே குறைத்தாள். முதல் மாதம் சாலிக் காப்பிக் குவளையைச் சுவரில் எறிந்தான், "நீ பொண்டாட்டியா, ஜெயில் வார்டனா?" என்று கத்தினான், பிறகு அழுதான். இரண்டாம் மாதம் அவித்த சௌசௌ இனித்தது. மூன்றாம் மாதம் மழைத்தண்ணீரை நக்கிப் பார்த்தே எந்தச் சரிவில் பெய்தது என்று சொன்னான். அக்கம்பக்கத்தார் கிண்ணத்தில் மழைத்தண்ணீரோடு வந்து கேட்டுப் போனார்கள். "லோஷா, பானைத் தண்ணில சர்க்கரை கலந்தியா?" என்று அவன் சந்தேகத்தோடு கேட்ட நாளில் வாசலில் ஒரே ஒரு எறும்புதான் மிச்சம். மறுநாள் அதுவும் போய்விட்டது. லோஷா கதவடியில் உட்கார்ந்து சந்தோஷத்தில் ஓவென்று அழுதாள்.

அடுத்த ஞாயிறு மகள் பாஷ்கு வந்தாள். துமினோடு ஓடிப்போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதுகில் துணியில் கட்டிய பெண்குழந்தை. துமின் பன்னிரண்டு பாட்டில் சோடாவை முற்றத்தில் வைத்து மண்டியிட்டான். ஊர் வழக்கப்படி, ஓடிப்போனவர்கள் கொண்டுவருவதைப் பெண்ணின் அப்பன் அங்கேயே குடித்துத் தீர்த்தால்தான் மன்னிப்பு. ஒரு வாய் மிஞ்சினாலும் மகளுக்கு வீட்டுப்படி கிடையாது. அவனுக்காக இன்னொருவர் குடிக்கவும் கூடாது. முன்பு அது சாராயமாக இருந்தது. சாராயம் ஆளைக் கொல்கிறது என்று ஊர் கூடித்தான் சோடாவுக்கு மாற்றியது.

"வேண்டாங்க. தண்ணியக் குடிச்சு மன்னிச்சுருங்க. யாரு கேக்கப் போறா?" என்றாள் லோஷா.

"ஊரு கேக்கும். நாளைக்கு இந்தக் குட்டி கேப்பா, தாத்தன் ஏன் என் மூஞ்சியப் பாக்கலன்னு."

முதல் வாயிலேயே சாலிக்கின் முகம் கோணியது. "தூ! நாக்கு எரியுதுடி. இந்தக் கருமத்தையா இத்தன வருஷம் குடிச்சேன்?"

ஐந்தாவது பாட்டிலில் ஓர் எறும்பு படியேறுவதை லோஷா பார்த்தாள். மகளையும் பார்த்தாள். அவனைத் தடுக்கவில்லை, அதற்காக அவள் தன்னைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. பன்னிரண்டும் காலியானதும் சாலிக் மருமகன் தலையில் கைவைத்தான், பேத்தியை வாங்கி முத்தமிட்டான். செவ்வாய்க்கிழமை வலது கால் போயிற்று. மழைக்காலம் முடிவதற்குள் மிச்ச உடம்பும் எறும்புகளோடு போயிற்று. புதைப்பதற்கு அவன் தொப்பிதான் இருந்தது.

இறந்தவர்கள் திரும்பி வரும் நாளில் குழிமேட்டில் பைன் இலை பரப்பி, மகள் கறுப்புச் சோடாவைத் திறந்து வைத்தாள். பக்கத்தில் லோஷா ஒரு குவளைத் தண்ணீர் வைத்தாள். "செத்தவருக்குமா பத்தியம்?" என்று பக்கத்துக் குழிகளுக்குப் படைக்க வந்தவர்கள் சிரித்தார்கள். விடிந்து பார்த்தபோது தண்ணீர்க் குவளை காய்ந்து கிடந்தது. சோடா வைத்தது வைத்தபடி இருந்தது.

வீணாக்குவானேன் என்று துமின் அதை எடுத்துக் குடித்தான். வீட்டுக்குத் திரும்பும் வழியில் இரண்டு எறும்புகள் அவன் செருப்பின் பின்னாலேயே வந்தன. லோஷா பேத்தியைத் தூக்கிக்கொண்டு, சாலிக் எந்த எறும்பில் இருக்கிறானோ என்று அவற்றை மிதித்துவிடாமல் ஒதுங்கி நடந்தாள்.