குருவிக்குக் கட்டிய கதிர்

ஒஸ்லோவில் டிசம்பர் வந்தால் பறவைகளுக்கென்றே ஓட்ஸ் கதிர்க்கட்டு விற்பார்கள். பள்ளியில் அதைப் பார்த்துவிட்டு வந்த என் மகள் ஆரணி, நமக்கும் வேண்டும் என்று அடம்பிடித்தாள். கடைக்குப் போக எனக்குச் சோம்பல். கோடையில் ஊருக்குப் போனபோது அப்பா தந்த நெற்கதிர்க் கொத்து பெட்டியிலேயே கிடந்தது. ஊரில் அதையும் வாசல் நிலையில் குருவிக்காகத்தானே கட்டுகிறோம்? பியோர்ண்டால் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுப் பால்கனியில் கட்டிவிட்டேன். பெரிய அறிவாளி நான்.

மூன்றே நாளில் குருவிகள் தீர்த்துவிட்டன. ஆரணி கைதட்டிக் குதித்தாள்.

ஜனவரியில் அப்பா போனில் கூப்பிட்டார். வேதாரண்யம் பக்கம் எங்கள் ஊர். புயலில் கடல் உள்ளே வந்து பத்து நாள் வயலில் நின்றதாம். உப்புக்கு அசராத எங்கள் நெல்லும் அழுகிவிட்டது. வீட்டில் வைத்திருந்த விதையும் நனைந்து வீணாய்ப் போனது. சுற்றிலும் எல்லோரும் நிலத்தை இறால் பண்ணைக்கு விட்டுவிட்டார்கள். அந்த விதை வேறு யாரிடமும் இல்லை.

"தம்பி, ஒங்கிட்ட குடுத்த கதிர் இருக்குல்ல? ஒரு பிடி போதும், ரெண்டு வருசத்துல பெருக்கிடுவேன். இல்லேன்னா நானும் பண்ணைக்காரங்ககிட்டதான் வுடணும்."

"இருக்குப்பா," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

உடனே கீழே இறங்கிப் பால்கனிக்கு நேரே பனியைக் கிளறினேன். கீழ்வீட்டு ஜெயரத்தினம் அண்ணன் வந்து நின்றார்.

"என்னத்தைத் தேடுறீர்?"

"விதைநெல்லுண்ணே."

யாழ்ப்பாணத்தில் வயல் செய்தவர் அவர். மறுபேச்சில்லாமல் கையுறையைக் கழற்றிவிட்டு என்னோடு குந்தினார். விரல் மரத்துப்போகும்வரை தேடினோம். கிடைத்ததெல்லாம் உமிதான். அப்பாவிடம் சொன்ன பொய்யையும் அவரிடம் சொன்னேன்.

"உள்ளதைச் சொல்லும். அந்த மனுசன் வழி பாத்துக்கொண்டிருப்பார்," என்றார்.

சொல்ல எனக்கு நான்கு நாள் ஆயிற்று. நான் வாய் திறப்பதற்குள் அப்பா தொடங்கிவிட்டார். "பண்ணைக்காரன் வந்தான், முடியாதுன்னு அனுப்பிட்டேன். கொல்லையில ரெண்டு பாத்தி கட்டி, குளத்துத் தண்ணி சொமந்து ஊத்தி உப்பக் கழுவிக்கிட்டிருக்கேன். எப்ப அனுப்புற?"

எழுபத்திரண்டு வயதில் குடம் சுமக்கிறார், என் பொய்யை நம்பி. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"குருவி தின்னத பாப்பா பாத்தாளா?"

"பாத்தாப்பா. கைதட்டுனா."

"சரி." குடத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "பாத்தியில கீரை போட்டுக்கறேன் தம்பி. வயல அவங்ககிட்ட வுட்டுடறேன்."