நடைவழியில் ஒரு டம்ளர் தண்ணீர்

எங்கள் சமரச மையத்தில் இரண்டு அறைகள். நடுவே ஒன்பது அடி நடைவழி. அதில் ஒரு ஸ்டூல், ஸ்டூல்மேல் தண்ணீர்க் குடம், ஒரு டம்ளர். தாகத்துக்கு வைத்திருக்கிறோம் என்றுதான் வருகிறவர்கள் நினைப்பார்கள்.

சண்டை போட்டவர்களை வந்தவுடன் எதிரெதிரே உட்காரவைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிடுவார்கள். அதனால் ஆளுக்கொரு அறை. கதவு இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டியிருக்கிறோம், பேச்சு கசியாது. சமரசம் பேசுபவர் இங்கும் அங்குமாக நடப்பார். அறையைவிட்டு வெளியே வருமுன் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும்: "இதுல எதை அந்தப் பக்கம் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது?" சொல்லலாம் என்பதைத் தாளில் குறித்துக்கொள்வோம். கூடாது என்பதை எழுதுவதே இல்லை.

முறை சொல்லி அழைப்பதும் கிடையாது. ஒருவரை 'அண்ணா' என்றால் போதும், 'ஓ, அவங்க ஆளா நீ' என்று மற்றவர் முகம் திரும்பிவிடும். ஆகவே எல்லோரும் சார், மேடம்.

கடைசியாக அந்தத் தண்ணீர். ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் நடைவழியில் நின்று ஒரு டம்ளர் தண்ணீரை முழுதாகக் குடிக்கவேண்டும். அந்த அறையில் இருந்தவரின் கோபமும் பேச்சின் வேகமும் நம்மேல் ஒட்டிக்கொண்டு வரும். குடித்து முடிக்க ஆகும் அரை நிமிடத்தில் அது இறங்கிவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை நான் தண்ணீர் குடிக்கவில்லை.

இடது அறையில் லேத் பட்டறைக்காரர். வலது அறையில் பட்டறைக்கு நேர் மாடியில் குடியிருக்கும் நர்ஸ். அவருக்கு இரவுப் பணி. காலை ஒன்பது மணிக்கு வந்து படுப்பார், அதே ஒன்பது மணிக்குக் கீழே இரும்பு தேய்க்கும் கிரைண்டர் அலறத் தொடங்கும். கூடவே ரேடியோ. மாடிப்படியில் நின்று எத்தனையோ முறை கத்தியிருக்கிறார். பட்டறைக்காரர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை, ரேடியோ சத்தம்தான் மாதத்துக்கு மாதம் கூடியது. ஒருநாள் நர்ஸ் பொறுக்கமுடியாமல் மேலிருந்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டார். மோட்டார் புகைந்துபோனது. பட்டறைக்காரர் நர்ஸின் ஸ்கூட்டரைத் தெருவில் தள்ளிச் சாய்த்தார். நர்ஸ் நகராட்சியில் புகார் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை பட்டறைக்குப் பூட்டுப் போட நகராட்சி ஆள் வருவதாக இருந்தது. சமரசம் ஆகிவிட்டது என்று இருவரும் கையெழுத்திட்ட கடிதம் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் போய்ச் சேர்ந்தால் மட்டும் அது நிற்கும். பட்டறையை நம்பி நான்கு வேலையாட்கள்.

"மூணு நாற்பது" என்றார் எங்கள் அலுவலக உதவியாளர், கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி. அடிக்கடி இப்படி நேரம் சொல்வதால் அவருக்குக் கடிகாரம் என்றே பெயர்.

பட்டறைக்காரர் அதுவரை கேட்ட எதற்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை. "சத்தம் அப்படி ஒண்ணும் இல்லையே" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். கடிகாரம் போனபிறகு நாற்காலியை என் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேடம், கொஞ்சம் உரக்கப் பேசுங்க. வாயை மறைக்காதீங்க."

நான் கையை எடுத்தேன்.

"ரெண்டு வருஷமா காது கேக்கல. வலது சுத்தமா இல்ல, இடது கால்வாசி. வீட்டுக்காரிக்கு மட்டும்தான் தெரியும். லேத்துல டூல் இரும்பைத் தொடுற சத்தத்தை வச்சுத்தான் வெட்டு சரியா போகுதான்னு கண்டுபிடிக்கணும். நான் இப்ப மெஷின் மேல விரலை வச்சு, அதிர்வுல பாக்கிறேன். வேலையில ஒரு குறை சொல்லமுடியாது. ஆனா விஷயம் வெளிய தெரிஞ்சா எவன் மேடம் எனக்கு வேலை கொடுப்பான்?"

"அவங்க படியில நின்னு கூப்பிட்டது?" என்று உரக்கக் கேட்டேன்.

"கூப்பிட்டாங்களா?" என்றார்.

மூன்று மாதச் சண்டையின் சாவி என் மடியில் வந்து விழுந்திருந்தது. அவசர அவசரமாக அந்தக் கேள்வியைக் கேட்டேன்: "இதை அந்தப் பக்கம் சொல்லலாமா?"

"கூடாது. கூடவே கூடாது."

"நாலு அஞ்சு" என்றார் கடிகாரம் நடைவழியில். குடத்தைப் பார்த்தேன். நேரமில்லை. நேரே நர்ஸின் அறைக்குள் நுழைந்து, நாற்காலியை அவர் எதிரில் இழுத்துப் போட்டு, முகத்துக்கு நேராகக் குனிந்து, ஒவ்வொரு சொல்லாக, உரக்கச் சொன்னேன்:

"அவர்... பேசத்... தயாரா... இருக்கார்."

நர்ஸ் பின்னால் சாய்ந்தார். "எதுக்கு மேடம் இப்படிக் கத்துறீங்க? எனக்கென்ன காதா கேக்கல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றது. என் நாற்காலியைப் பார்த்தார். எதிர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வார்டுல காது கேக்காதவங்ககிட்ட நாங்க இப்படித்தான் உக்காருவோம். இதே தூரம், இதே சத்தம்." குரலைத் தாழ்த்தினார். "அவருக்கா?"

இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால் இரண்டாவது துரோகம். "அதுக்கு நான் பதில் சொல்லமுடியாது" என்றேன். அதுவே பதிலாகிவிட்டது என்பது சொன்ன கணத்திலேயே தெரிந்தது. ஒரு சொல் கூடக் கடத்தவில்லை. உடம்பு கடத்திவிட்டது.

"ஐயோ" என்றார் நர்ஸ். "திமிர்னு நினைச்சேனே. நான் முறையிட்டதுக்காக ரேடியோவைக் கூட்டுறான்னு நினைச்சேனே."

"நான் போய் அவர்கிட்ட இதைச் சொல்லியாகணும்" என்றேன். ரகசியம் கசிந்தால் உரியவரிடம் உடனே சொல்லவேண்டும், அதுவும் எங்கள் விதி. சாக்குப்போக்கு இல்லாமல், நம் தவறு என்றே சொல்லவேண்டும்.

"எழுந்து போயிட்டார்னா?"

"போகலாம். போனா கடிதம் கிடையாது. திங்கட்கிழமை பூட்டு."

நர்ஸ் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "காலையில உங்ககிட்ட ஒண்ணு சொன்னேனே, சொல்லக்கூடாதுன்னு. அதையும் அவர்கிட்ட சொல்லிடுங்க. அவர் விஷயம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு, என் விஷயம் அவருக்குத் தெரியட்டும். அதுதானே நியாயம்?"

இந்த முறை நின்று, டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்தேன். கடிகாரம் வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

பட்டறைக்காரரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் முகம் கறுத்தது. காலடியில் இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"இதுக்குத்தான் ரப்பர் எல்லாம் ஒட்டி வச்சிருக்கீங்களா? நம்பித்தானே சொன்னேன்?"

"தப்பு என்னோடது. மன்னிப்புக் கேக்கிறேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுட்டுப் போங்க. இது அவங்க சொல்லச் சொன்னது." அவர் என் உதடுகளைப் பார்த்தார். "போன மாசம் தூக்கமில்லாம வேலைக்குப் போயிருக்காங்க. ஒரு படுக்கைக்குப் போடவேண்டிய ஊசியைப் பக்கத்துப் படுக்கைக்குக் கொண்டுபோயிட்டாங்க. வெளிய தெரிஞ்சா அவங்க வேலை போயிடும்."

"போட்டுட்டாங்களா?"

"இல்ல. கடைசி நிமிஷத்துல அட்டையைப் பாத்துட்டாங்க."

அவர் நின்றபடியே இருந்தார். பிறகு தன் வலது கையின் விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்துக்கொண்டார், மெஷின்மேல் வைப்பதாகச் சொன்ன அதே விரல்கள். "எனக்கு மெஷின். தப்பு நடந்தா இரும்புதான் வீணாகும்" என்றார், என்னிடம் இல்லை. பையைக் கீழே வைத்தார். "கூப்பிடுங்க அவங்களை."

நர்ஸ் வந்து, வெளிச்சம் தன் முகத்தில் விழும் பக்கமாக உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை, நிதானமாகப் பேசினார். பட்டறைக்காரர் புரிந்து தலையாட்டியதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நான் கத்தியிருக்கவே தேவையில்லை.

"மோட்டாரை நாசம் பண்ணிட்டேன். தப்புதாண்ணே."

அண்ணே என்றதைத் திருத்த நான் வாயெடுக்கவில்லை.

"ஸ்கூட்டர் கண்ணாடி நான் மாத்தித் தரேன்மா. ஒருநாள் வந்து என் தோளைத் தொட்டுச் சொல்லியிருந்தா..."

"தொட்டிருந்தா திருப்பி அடிச்சிருப்பீங்க. உங்க மூஞ்சி அப்படி இருந்துச்சு!"

பட்டறைக்காரர் என் தாளை இழுத்துப் படம் போடத் தொடங்கினார். மாடியில் ஒரு சுவிட்ச். அங்கிருந்து ஜன்னல் வழியாக ஒரு ஒயர். கீழே லேத்துக்கு மேலே, அவர் கண்ணுக்கு நேராக, சிவப்பு பல்ப். நர்ஸ் படுக்கும்போது போடுவார், எழுந்ததும் அணைப்பார். பல்ப் எரியும்வரை ரேடியோ கிடையாது, கிரைண்டர் கிடையாது. அளவெடுப்பது, பொருத்துவது மாதிரி வேலைகள் மட்டும். லேத்தின் கால்களுக்கு அடியில் ரப்பர் கட்டைகள்.

"பல்ப் எதுக்குன்னு பட்டறைப் பசங்க கேட்டா?" என்றார் நர்ஸ்.

"மாடியில ராட்சசி தூங்குறான்னு சொல்லிடறேன்."

"நாலு முப்பத்தஞ்சு!" கடிகாரத்தால் அதற்குமேல் அடக்கமுடியவில்லை. பதினைந்து நாள் சோதனை ஒப்பந்தம், புகார் நிறுத்திவைப்பு, இரண்டு கையெழுத்து. கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கி ஓடினார். நகராட்சி இருபது நிமிட நடை.

நான் பதிவேட்டைத் திறந்து என் தவறைத் தேதியிட்டு எழுதினேன். பட்டறைக்காரர் எட்டிப் படித்தார். "எழுதுங்க, எழுதுங்க. இனி உங்ககிட்ட நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் மேடம்" என்றார். அதில் கேலி இல்லை.

நான்கு ஐம்பது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பட்டறைக்காரர் ஜன்னலைப் பார்த்தபடி, நகம் கடித்துக்கொண்டு. நர்ஸ் என் மேஜையின் போனைப் பார்த்தபடி. நான்கு ஐம்பத்தைந்து. நான்கு ஐம்பத்தெட்டு.

போன் அடித்தது. ஜன்னல் பக்கமிருந்த முகம் திரும்பவில்லை. நர்ஸ் எழுந்து, நடந்து போய், அவர் கண்ணுக்கு நேராகக் கையை உயர்த்திக் காட்டினார். அவர் சட்டென்று திரும்பி என் உதடுகளைப் பார்த்தார்.

நான் போனை எடுத்துக் கேட்டேன். பிறகு, கத்தாமல், அவரைப் பார்த்துச் சொன்னேன்:

"வாங்கிக்கிட்டாங்களாம்."