முப்பத்திரண்டு முதல் பரிசு

1

இதனால் சகல மக்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: மாணவர் ஆவணப்படப் போட்டிக்கு, தலைப்பு 'கல்வி', நான் நடுவராக நியமிக்கப்பட்டேன். இந்தக் கதை பிறந்தது அதனால்தான். ஏதோ அகத்தூண்டல் என்று பின்னால் எங்காவது எழுதினால் நம்பாதீர்கள்.

முதல் வரியை இப்படித்தான் தொடங்கினேன்: 'கந்தக மண்ணில் அறிவொளி ஏந்திய இளம்...'

(அடித்துவிட்டேன். வந்த முப்பத்திரண்டு படங்களில் பாதி இப்படித்தான் தொடங்கின, பின்னணியில் புல்லாங்குழலோடு.*)

2

எழிலின் படத்தில் புல்லாங்குழல் இல்லை. ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் வேன், உள்ளே பெண்கள். பதினோராம் வகுப்பு எழில் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்கிறாள்: "பள்ளிக்கூடத்துல கடைசியா என்ன படிச்சீக?"

அவள் அம்மா ராமுத்தாய் சொல்கிறார்: "மூணாப்பு. கூட்டல்ல ஒண்ணத் தூக்கி மேல வைக்கச் சொன்னாக. வச்சேன். மறுநாள் போவல. அது இன்னும் அங்கனயேதான் நிக்கி."

வேனே சிரிக்கிறது. முன்சீட்டிலிருந்து போர்மேன் சண்முகவேல் திரும்புகிறார்: "கம்பெனி வந்துருச்சு. அந்த ஒண்ணையும் எறக்கிட்டு வாங்க."

(இந்த இடத்தில் ராமுத்தாயை அழவைக்க ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை.)

3

பரிசளிப்பு நாளன்று ராமுத்தாயே என்னிடம் வந்தார்.

"நீங்கதான் மார்க்குப் போடுறீகளா சார்? தீவாளி சீசன்ல லீவு போட்டு வந்திருக்கோம், ஒரே வேன்ல ஆறு பேரு. ஆறு பேரு பிள்ளைகளும் போட்டிக்குப் படம் எடுத்திருக்குக. முதல் பரிசு சர்ட்டிபிகேட்டக் காட்டாதவ நாளைக்கு வேன்ல ஏறக் கூடாதுன்னுட்டாரு போர்மேன். ஒங்கள நெருக்கலை. சும்மா காதுல போட்டு வைக்கேன்."

முதல் பரிசு ஒன்றுதானே என்ற தைரியம் போர்மேனுக்கு.

4

முதல் பரிசுக்கு எழிலின் பெயரை எழுதி, நீதியரசர் நடையில் மேடையேறினேன். சான்றிதழ்களை இலவசமாக அச்சடித்துத் தந்த அச்சக உரிமையாளர் நிஜாம் கட்டைப் பிரித்தார்.

"என்ன நிஜாம், எல்லாத்துலயும் முதல் பரிசுன்னு இருக்கு?"

"ஒரே பிளேட்டு சார். காலண்டர் சீசன்ல மிஷின நிப்பாட்டி ரெண்டு, மூணுன்னு மாத்தவா முடியும்? பேருக்கு எடம் விட்டிருக்கேன், எழுதிக்கிடுங்க."

"அப்ப என் தீர்ப்பு?"

"அதையும் சொல்லுங்க சார். கை தட்டுவாக."

தட்டினார்கள். முப்பத்திரண்டு முறை. கடைசிப் பெயருக்கு அரங்கமே எழுந்து நின்று தட்டியது.

5

முடிவு அ: நடுவர் கொள்கைக்காக வெளிநடப்பு செய்தார். (பொய். அப்போது வடை வந்தது.)

முடிவு ஆ: மறுநாள் காலை வேன் வாசலில் ஆறு தாய்மார். ஆறு முதல் பரிசு. சண்முகவேல் ஒவ்வொன்றாக வாங்கி, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்து...

அந்த வசனத்தை மூன்று விதமாக எழுதி மூன்றையும் கிழித்துவிட்டேன். நீங்களே ஒன்றை வையுங்கள். ஆறு பேரும் ஏறினார்கள் என்பதை மட்டும் மாற்றாதீர்கள்.

* புல்லாங்குழல் வந்த படங்கள் பாதி என்றேன் அல்லவா? அது ஒரு மதிப்பீடு. முப்பத்திரண்டில் நான் பார்த்தது ஒன்பது.